முடுக்கி முடியாத மவுஸ்

வடிவம், எடை, வேகம் ஆகியவற்றை வாங்கியவரே மாற்றிக்கொள்ளும்படி அமைந்த கேமிங் மவுஸ், ஆட்டத்தில் தோற்பவர்களுக்காகவே உருவானது என்றால் பெரிய தவறில்லை. சாதாரண மவுஸ்காரர் தோற்றால் பழி அவர் மேல்தான். மாற்றியமைக்கும் மவுஸ்காரருக்கோ, முடுக்கிப் பார்க்க எப்போதும் ஒரு திருகு பாக்கி இருக்கும்.

திருகு என்று வந்தால் மேட் கேட்ஸ் நிறுவனம் 2010இல் வெளியிட்ட சைபோர்க் ஆர்.ஏ.டி. 7தான் முதலில் நிற்கும். உள்ளங்கை படியும் பின்பகுதியை இதில் நீட்டலாம், குறுக்கலாம். கட்டைவிரல் பக்கத்துத் தகட்டை வெளியே இழுக்கலாம். சுண்டுவிரல் பக்கத்துக்கு மாற்றுத் துண்டுகள் உண்டு. இவற்றைத் திருகும் அறுகோணச் சாவியும் மவுஸுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். நீண்ட விரல்காரருக்கும் குட்டை விரல்காரருக்கும் ஒரே மவுஸ் பொருந்துவது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் கை வளர்ந்து முடிந்தவர்களுக்கு அந்த அளவெடுப்பு ஒருமுறை போதும். பிறகு சாவி வெளியே வருவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டத்தான். இடுக்குகள் மட்டும் நாள் தவறாமல் வேலை செய்யும்: முறுக்குத் தூள் சேமிப்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை.

ரேஸரின் ஓரோபோரஸ் இன்னொரு படி போய், இரு கைக்காரர்களுக்கும் ஏற்றபடி பக்கத் தகடுகளை மாற்ற விட்டது. மவுஸ் உலகம் அடிக்கடி மறந்துவிடும் இடக்கைக்காரர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

எடையின் கதை வேடிக்கையானது. 2005இல் வந்த லாஜிடெக் ஜி5, குட்டிக் குட்டி எடைக்கற்கள் அடுக்கும் தட்டோடு வந்தது. கனமான மவுஸ் நிதானமாக நகரும் என்பது அன்றைய வேதம். 2014இன் ஜி502 தானே 121 கிராம். போதாதென்று தலா 3.6 கிராமில் ஐந்து கற்கள். 2018இல் ஸ்டீல்சீரிஸ் ரைவல் 600, தலா 4 கிராமில் எட்டுக் கற்கள் தந்தது. அதே ஆண்டில் ஃபைனல்மவுஸ், மவுஸின் முதுகெங்கும் ஓட்டை போட்டு எடையை 67 கிராமுக்கு இறக்கியது. திரைச் சுட்டியின் வேகத்தைக் குறைத்து வைத்து ஆடுபவர்கள் மவுஸை ஓயாமல் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும்; அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான். 2020இல் லாஜிடெக்கும் ஓட்டை இல்லாமலே 63 கிராமுக்குள் ஒன்றைச் செய்துவிட்டது. காசு கொடுத்து எடை சேர்த்தவர்களே அதிகக் காசு கொடுத்து எடை குறைத்தார்கள்.

பொத்தான்களில்தான் மாற்றத்துக்கு நியாயம் தெரிகிறது. ரேஸர் நாகா டிரினிட்டியில் 2, 7, 12 பொத்தான்கள் கொண்ட மூன்று பக்கத் தகடுகள் உண்டு. மந்திரங்கள் நிறைந்த ஆட்டத்துக்கு 12, சுடும் ஆட்டத்துக்கு 2. ஆட்டம் மாறும்போது தகடும் மாறுவதால், இந்த வகையில் வாங்கிய பிறகும் பயன்படுவது இது ஒன்றே எனலாம்.

கடைசியாக டிபிஐ: மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அது கணினிக்குச் சொல்லும் எண்ணிக்கை. பெட்டியின் மேல் 25,600 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் ஓர் அங்குலம் நகர்த்தினால், 1920 புள்ளி அகலத் திரையைச் சுட்டி 13 முறை கடக்கும். தும்மினால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். கவுன்ட்டர்-ஸ்டிரைக் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் 400 அல்லது 800இலேயே நிற்கிறார்கள். வேகத்தை மாற்றும் பொத்தான் பெரும்பாலும் உருளையின் பின்னாலேயே இருப்பதால், சண்டை உச்சத்தில் இருக்கையில் விரல் பட்டு மாறித் தொலைப்பதும் உண்டு. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: மவுஸோடு வரும் மென்பொருளில் அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடலாம்.