இங்கதான் சார் இருந்துச்சு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால் வேறு யாராக இருக்க முடியும்? "கிளம்பிட்டீங்களா சார்? ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா நடக்கணும். பஸ்ல போனா ஸ்டாப்பிங்தான் தெரியும்." மறுத்துப் பேசுவதற்கு முதலில் தூக்கம் கலைய வேண்டுமே. போய்விடுகிறேன்.

தொப்பி, ஜோல்னாப் பை, மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஷூ, வெயிலுக்கு விரிக்காமல் சுட்டிக்காட்ட மட்டுமே உதவும் குடை. இதெல்லாம் இந்த ஜாதி நடைக்காரர்கள் எல்லாருக்கும் பொது. நம்மவரின் தனிச்சிறப்பு, சென்னையில் இல்லாததை மட்டுமே காட்டுவார்.

சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலைய வாசலில் நிறுத்துவார். "மூர் மார்க்கெட் சார்! 1985-ல எரிஞ்சு போச்சு. இந்த வரிசை பூரா பழைய புஸ்தகக் கடை." குடை நுனி காற்றில் ஒவ்வொரு கடையாகத் திறந்துகொண்டே போகும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் "ஓரமா நில்லு பெரியவரே" என்று இடித்துவிட்டுப் போவார்கள். அவர் எப்படி நகருவார்? பேரம் பாதியில் நிற்கிறதே.

மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் ஒருநாள், "ஏரியைப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரு மருந்துக்கடையும் அதன் நிழலில் படுத்திருந்த மாடும் தெரிந்தன. "நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டை வரைக்கும் தண்ணி சார். 1920-கள்ல அதை வத்த வெச்சுத்தான் தி.நகரையே போட்டாங்க." சொல்லிக்கொண்டே பேன்ட்டை இரண்டு விரலால் லேசாக உயர்த்திக்கொண்டார். நனைந்துவிடுமாம்.

மவுண்ட் ரோட்டில்தான் அவருக்குச் சங்கடம். எல்.ஐ.சி. கட்டடம் 1959-லிருந்து பதினான்கு மாடியோடு அப்படியே நின்று தொலைக்கிறது. நல்லவேளை, 1975-ல் அதில் தீப்பிடித்தது. அந்தத் தீயை வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிவிடுவார்.

காபி குடிக்கலாமா என்று கேட்டுவிடக் கூடாது. அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய் ஒரு செல்போன் கடை வாசலில் நிறுத்துவார். "இங்கதான் சார் இருந்துச்சு. என்ன டிகாக்‌ஷன் தெரியுமா!"

போன மாதம் வால்டாக்ஸ் ரோடு. ஹைதர் அலியின் படை வந்து கிலி மூட்டியதில் கம்பெனிக்காரன் பிளாக் டவுனைச் சுற்றி மதில் எழுப்பினான், செலவை வரியாகப் போட்டான், வரி வசூலாகவே இல்லை, மதிலும் போய்விட்டது, பெயர் மட்டும் ரோடாகக் கிடக்கிறது. அவருக்கு இதைவிட இனிப்பான தெரு உண்டா? மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவில் இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கே மட்டும் என்னை ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

மதிலின் உயரத்தைக் குடையால் அவர் அளந்துகொண்டிருந்தபோது என் செருப்பு வார் அறுந்தது. "அடடா, இந்த முனையில ஒரு செருப்பு தைக்கிறவர் இருந்தாரு சார், அறுபதுகள்ல..." என்று ஆரம்பித்தார். பத்தடி தள்ளி, கிழிந்த குடைக்குக் கீழே ஒருவர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நொண்டிக்கொண்டு போனேன்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"இருவது வருசம் ஆச்சு சார். அந்தக் குடைக்கார ஐயா மாசாமாசம் வருவாரு. நானும் வணக்கம் வெப்பேன்."

இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் வணக்கம் வைக்கிற மனுஷனைத் தெரியாமல் அப்படி என்ன ஊரைத் தெரிந்துகொள்கிறார்? கேட்டும்விட்டேன். ஒன்றும் பேசாமல், தைத்து முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றார். நான் பையைத் துழாவுவதற்குள் காசையும் கொடுத்துவிட்டார். அவர் கையில் குடை முதல்முறையாக விரிந்திருந்தது. நிழல் முழுக்க என் மேல்.

திரும்பும்போது, "அடுத்த வாரம் ராயபுரம் ஸ்டேஷன் சார், 1856" என்றார்.

"அது இன்னும் நிக்குதே?" என்றேன்.

அவர் முகம் வாடியது. "ஆமா சார்," என்றார், "என்ன பண்றது."