அடித்தளக் கடல்: திணை மயக்கம் குறித்த ஒரு முன்னாய்வு

கிள்ளான்காரர்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கொமுட்டர் ஏறி, கடலுக்கு முதுகு காட்டி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி மாறி, கேஎல்சிசியில் இறங்கி, மாநாட்டு மையத்தின் அடித்தளத்திலுள்ள அக்குவாரியாவில் காசு கொடுத்து மீன் பார்க்கிறார்கள். கேள்வி இதுதான்: அந்த அடித்தளம் என்ன திணை?

அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் இதே கோலாலம்பூரில்தான் கூடியது. ஆறாவதும் இங்கேதான், 1987இல். அக்குவாரியா திறந்ததே 2005இல் என்பதால் இரண்டையும் மன்னிக்கலாம். ஆனால் ஒன்பதாவது மாநாடும் இங்கேதான் நடந்தது, 2015இல்! பொன்னாடை போர்த்தவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

முதற்பொருள். நிலம், சிமெண்டு. பொழுது, நெய்தலுக்குரிய எற்பாடு; ஆனால் அடித்தளத்தில் சூரியன் சாய்வதில்லை, கைப்பேசியின் சார்ஜ்தான் சாய்கிறது.

கருப்பொருள். சுறா, திருக்கை, ஆமை. அமேசான் ஆற்று அரபைமாவும் உண்டு என்பதால் இது மருதமே என்பார் ஒருவர் (மாமா, கழிவறை வரிசை). அவரை விட்டுவிடுவோம்.

பார்வையாளர் இரு வகை. ஒன்று, படம் பிடிப்போர். இவர்கள் மீனைப் பார்ப்பதில்லை.

மற்றது, குழம்பியலார். இப்பள்ளியின் தலைவர் என் அத்தை. மீனைக் கண்டவுடன் அதற்குப் புளியா, தேங்காய்ப்பாலா என்று முடிவு செய்வதே இவர்களின் ஆய்வுநெறி. திருக்கைக்குச் சம்பல் தடவி வாழையிலையில் சுடுவதே முறை (அத்தை, வாய்மொழி). சுறா புட்டுக்கு மட்டுமே; பிள்ளை பெற்றவளுக்கு மிக நல்லது (அத்தை, மேற்படி, கண்ணாடியில் மூக்கு ஒட்டிய நிலையில்). மணற்புலிச் சுறா நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொள்ளும். மூழ்காமல் மிதக்க அது உதவுகிறது என்பர் உயிரியலார். அத்தை மறுக்கிறார்: “வாயுக் கோளாறுடா. ஓமத் தண்ணி குடுத்தா சரியாப் போயிடும்” (அத்தை, திருத்திய இரண்டாம் பதிப்பு, 90 மீட்டர் சுரங்கத்தின் நகரும் நடைபாதையில் எதிர்த்திசையில் நடந்தபடி, பின்னால் வந்தோரின் முணுமுணுப்பு நீங்கலாக). உரையாசிரியர்களிடமும் இப்படி எதிர்த்திசையில் நடப்போர் உண்டு. அவர்களுக்கு முனைவர் பட்டம் கிடைத்திருக்கிறது.

உரிப்பொருள். ஐயமெல்லாம் தீருமிடம் பரிசுக் கடை. பஞ்சடைத்த சுறா பொம்மையின் விலைச்சீட்டை ஒரு தகப்பன் திருப்பிப் பார்க்கிறார். பெருமூச்சு. பிள்ளை அழுகிறது. இரங்கல் ஐயமற நிறுவப்பட்டது. ஆகவே இது நெய்தலே.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின்போது மாமா மருதத்தை மறுபடி எழுப்பினார். மீன் தலைக் கறி வந்ததும் கைவிட்டார்.

இம்முடிவில் மாறுபடுவோர் கிள்ளானுக்கு வந்து அத்தையிடம் நேரில் வாதிடலாம். நான் கூட வரமாட்டேன்.