எழுத்தாளர்க்குரிய பத்தியம்: பூர்வாங்க ஆய்வு

எழுதும் கைக்கு வரும் நோய்களில் மிகப் பரவலானது வழக்கச்சொல் வாதம். குறிகள் எளியவை. நோயாளி எதை எழுதினாலும் ‘இன்றைய அவசர உலகில்’ என்று தொடங்குவார். நோய் முற்றினால் ‘என்றால் அது மிகையாகாது’ என்று முடிப்பார். நடுவே என்ன இருந்தது என்பதை ஆய்வுலகம் இன்னும் எட்டவில்லை, வாசகர்களும்தான்.

மருந்து பற்றி இரு கட்சிகள் உண்டு. புதிதாக எதையாவது சேர் என்பது முதற்கட்சி: புதுப் பேனா, புது நோட்டு, கொடைக்கானலில் அறை. இதனால் நோட்டுக் கடைக்காரர் தேறுவார் என்பதில் ஐயமில்லை. மற்றக் கட்சியோ, சித்த வைத்தியர் புளியை நிறுத்துவதுபோல எதையாவது விலக்கு என்கிறது. இவ்வாய்வு இந்தப் பக்கமே சாய்கிறது.

பத்தியத்தில் கைதேர்ந்தவர் நம்மவர். 17-ஆம் நூற்றாண்டின் சிவப்பிரகாசர், திருச்செந்தூர் முருகன் மேல் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது என்பது நிரோட்டக விதி. ஆகவே ப, ம, வ வரிசைகள் போயின. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஏறிய எழுத்துகளும் போயின. விளைவைக் கவனியுங்கள்: முருகனைப் பாடுபவர் ‘முருகன்’ என்று சொல்ல முடியாது. வேல் கிடையாது, மயில் கிடையாது, சேவலும் கிடையாது. வழக்கமாகக் கைகொடுக்கும் அத்தனை பேரும் வாசலில் நிற்க, புலவர் வேறு சொல் தேடியாக வேண்டும். போதாக்குறைக்கு யமகம்: நான்கடிகளின் தொடக்கமும் ஒலியில் ஒன்றாகி, பொருளில் வேறாக வேண்டும். பத்தியமா பட்டினியா என்பது விவாதத்துக்குரியது.

பிரெஞ்சுக்காரர்கள் தாமதமாக வந்தார்கள். ரேமோன் கெனோ 1947-இல் வெளியிட்ட நூலில் கதை இவ்வளவுதான்: பாரிஸ் பஸ்ஸில் நீண்ட கழுத்துள்ள இளைஞன், இடித்த பயணியிடம் சிடுசிடுத்துவிட்டு, காலி இருக்கை கண்டதும் பாய்ந்து உட்காருகிறான், பிறகு ரயில் நிலையத்தின் முன் நண்பன் அவனுக்குக் கோட்டுப் பொத்தான் பற்றி யோசனை சொல்கிறான். இதையே 99 நடைகளில் எழுதினார். நம் டவுன் பஸ்ஸில் இதைவிடத் தரமான சண்டை தினமும் கிடைக்கிறது, எழுதத்தான் ஆளில்லை.

ஜார்ஜ் பெரெக் 1969-இல், பிரெஞ்சில் மிக அதிகம் புழங்கும் ரோமன் வரிசையின் ஐந்தாம் எழுத்தை விலக்கி முழு நாவலே எழுதினார். அட்டையில் அவர் பெயரில் மட்டும் அது நான்கு முறை வரும். 1972-இல் அதை மட்டுமே உயிரெழுத்தாக வைத்து இன்னொன்று எழுதிப் பழி தீர்த்துக்கொண்டார்.

ஜப்பானின் ஹாருகி முரகாமி, முதல் நாவலின் தொடக்கத்தைத் தமக்கு அளவாகத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் பின் ஜப்பானியத்துக்கு மாற்றினார். சொற்கையிருப்பு குறைவு, அலங்காரத்துக்கு வழியே இல்லை. அவருடைய சிக்கன நடை அங்கே பிறந்தது.

தமிழ் நோயாளிக்குத் தொடக்க மருந்தாக ‘ஒரு’ என்னும் சொல்லை விலக்கலாம். இவ்வாய்வு அந்தப் பத்தியத்தில்தான் எழுதப்பட்டது. இந்தப் பத்தியின் முதல் வாக்கியம் தவிர வேறெங்கும் அச்சொல் இல்லை. ஐயமுள்ளோர் மறுபடி படித்துச் சரிபார்க்கலாம்.