கை நீட்டுகிறவர்

அவர் மணிக்கட்டை நீட்டும் அழகைப் பார்த்தால் திருவிழாவில் வளையல் போட்டுக்கொள்ள வந்தவர் என்றுதான் தோன்றும். எதிரே நிற்பவர் வளையல்காரர் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர். அவர் கையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், திரும்பவும் கையைப் பார்க்கிறார். "டிக்கெட்?" என்கிறார். இவர் கையை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டுகிறார். மூன்றாம் தடவை கேட்டபிறகுதான் "வாட்ச்ல இருக்கு சார்" என்ற தகவல் வெளியே வரும். முதலிலேயே சொல்லியிருக்கலாம். மாட்டார். கேட்கவைத்துச் சொல்வதில்தான் ருசி.

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எந்த விடிகாலை போய் நின்றாலும் இந்த ரகத்தில் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, வாட்ச் தெரிய வேண்டும் என்பதற்காகவே அரைக்கைச் சட்டை, இடுப்பில் ஒரு பை, பைக்குள் செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க், என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கடைசி அடையாளம் மட்டும் எல்லோருக்கும் பொருந்தாது.

நீட்டுவதோடு முடிந்தால் பரவாயில்லை. விமானத்தில் ஏறும் வாசலில் ஸ்கேனர் என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் கச்சேரி. அதைச் செய்தவர் மனதில் காகிதம் இருந்தது. பிறகு போனுக்கும் இடம் கொடுத்தார்கள். மனிதக் கை அந்தத் திட்டத்திலேயே கிடையாது. கண்ணாடி மேலே பார்த்தபடி படுத்திருக்கும். காகிதமென்றால் கவிழ்த்து வைத்தால் முடிந்தது. வாட்ச் கவிழ வேண்டுமானால் கையை மல்லாக்க வேண்டும். உள்ளங்கை கூரையைப் பார்க்கும். தானம் வாங்குகிற கோலம். இந்தக் கோலத்தில் முழங்கைக்குப் போக இடமில்லாமல் அது அடுத்து நிற்பவரின் விலாவுக்கு வரும். அடுத்து நிற்பவன் பெரும்பாலும் நான்.

சரி, மல்லாக்கியாயிற்று, 'பீப்' வருமா? வராது. கையை முகத்திலிருந்து திருப்பினால், ஐயா நேரம் பார்த்து முடித்துவிட்டார் என்று அந்த வாட்ச் தானாகவே கண்ணை மூடிக்கொள்ளும். பேட்டரியை மிச்சம்பிடிக்கும் புத்திசாலித்தனம். உடனே கையை வெளியே இழுத்து முகத்துக்கு நேரே பிடிப்பார். விழிக்கும். "பாருங்க, இருக்குல்ல?" என்று வாசலில் நிற்கும் பெண்ணிடம் காட்டுவார். அந்தப் பெண்ணும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்து பயனில்லை, யந்திரத்துக்குத் தெரிய வேண்டும். மறுபடி மல்லாக்குவார். மறுபடி தூங்கும். தொட்டில் குழந்தைகூட இவ்வளவு சீக்கிரம் தூங்காது. ஐந்தாவது தடவை விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே திருப்பப் பார்ப்பார். விரல் பட்டு போர்டிங் பாஸ் நகர்ந்து, இன்று எத்தனை அடி நடந்தார் என்ற கணக்கு வந்து நிற்கும். ஸ்கேனர் அதற்குக் கதவு திறப்பதில்லை.

சில வாசல்களில் ஸ்கேனர் ஒரு பொந்து மாதிரி இருக்கும். போன் நுழையும், மணிக்கட்டு நுழையாது. அங்கே வாட்ச்சைக் கழற்றுவார். கழற்றினால் அது பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்கும். எண்ணை அடிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். மூக்குக்கண்ணாடி இடுப்புப் பையில், பவர் பேங்குக்கு அடியில்.

இத்தனைக்கும் போன் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதிலும் அதே பாஸ் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "அப்புறம் வாட்ச் எதுக்கு?" என்றார். பதில் சொல்ல முடியாத கேள்வி.

அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தெரியும், அதுதான் தொல்லை. "அது க்யூஆர் இல்லீங்க, ஆஸ்டெக்" என்று பின்னால் நிற்பவரிடம் ஆரம்பிப்பார். காகிதப் பாஸில் நீளவாக்கில் இருக்கும் கோட்டுக் கூட்டத்துக்குப் பெயர் பிடிஎஃப் 417. அது வாட்ச்சின் சதுர முகத்துக்குள் அடங்காது. ஆஸ்டெக் சதுரம், 1995-இல் வந்தது. நடுவில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு கண் இருக்கும், மெக்சிகோவின் படிக்கட்டுப் பிரமிடை உச்சியிலிருந்து பார்த்த மாதிரி. விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கம் 2010-க்குள் எல்லோரும் இந்த மாதிரிக் கோட்டுக் குறிகளுக்கு மாறியாக வேண்டும் என்று கெடு வைத்தது, காந்தப் பட்டை ஒட்டிய பழைய பாஸ் அத்தோடு போயிற்று. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்பதையும் ஒப்பிப்பார்: நேர்ப் பயணமென்றால் அவசியமான தகவல் மொத்தமும் 60 எழுத்துக்குள், அதில் பெயருக்கு 20, ஊர்களுக்கு மும்மூன்று எழுத்து, தேதி மாதக் கணக்கில் இல்லாமல் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கில். பிப்ரவரி 15 என்றால் 046. நம் ஊர் 1996-லேயே சென்னை ஆகிவிட்டது. பாஸில் மட்டும் இன்னும் மெட்ராஸின் எம்ஏஏ.

பெயர் விஷயம் அவர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. குடும்பப் பெயர் முதலில், ஒரு சாய்கோடு, அப்புறம் சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரையோ கணவர் பெயரையோ அந்த இடத்தில் போட்டுவைக்கிறோம். விளைவு, விமானத்துக்குள் கால் வைத்ததும் பணிப்பெண் புன்சிரிப்போடு நம் அப்பாவுக்கு வணக்கம் சொல்கிறாள்.

எப்போதிலிருந்து இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியும். 2020 மே 25, கொரோனாவுக்கு நடுவே உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய நாள். வீட்டிலிருந்தே செக்-இன் செய்துதான் வர வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும், உலகம் கடைசியில் தன் வழிக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். தொற்று போயிற்று. இவர் அங்கேயே நின்றுவிட்டார். கவுன்டரில் பாஸ் அடித்துக் கேட்டால் 200 ரூபாய் பிடுங்குவார்கள் என்று இன்றும் வீட்டுப் பெண்களைப் பயமுறுத்துகிறார். அப்படிப் பணம் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே விமானத் துறை அமைச்சகம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தி மட்டும் அவர் வாட்ச்சுக்கு வரவில்லை.

போன மாசியில் காசிக்குப் போனோம். நான், என் மனைவி, அவள் அக்கா, மாமியார், அப்புறம் பொதுவான ஒரு மனிதர். டிக்கெட் போட்டது அவர், ஆகவே ஐந்து பாஸும் அவர் போனில், அங்கிருந்து அவர் மணிக்கட்டில். ஐந்து பேர் ஆதாரும் அதே போனில். "எங்களுக்கும் அனுப்பிடுங்களேன்" என்று என் மனைவி கேட்டதற்கு, "எல்லாம் என் கையிலதானே இருக்கு, எதுக்கு?" என்று பதில் வந்தது.

பெட்டி போடும் கவுன்டரில் அந்தப் பெண் கேட்காமலே ஐந்து பாஸையும் அடிக்கப் போனாள். மாமியார் கையை ஏந்திவிட்டார். நம்மவர் குறுக்கே புகுந்து, "வேண்டாம்மா, பேப்பர் வேஸ்ட்" என்று தடுத்தார். பெட்டிக்குச் சீட்டு ஒட்டினால் அதன் சின்னத் துண்டு ஒன்றை நம்மிடம் தருவார்களே, அதை வழக்கமாகப் பாஸின் முதுகில் ஒட்டுவார்கள். இங்கே முதுகே இல்லை. ஐந்து துண்டையும் விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவள் இடம் தேடினாள். போனின் பின்பக்கத்தைக் காட்டினாள். கறை படியும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் ஐந்தும் மாமியாரின் பிரஷர் மாத்திரைக் கவரில் ஏறின.

அடுத்தது சோதனை. இங்கேதான் இந்த ரகத்தின் ஆணிவேர் ஆடும், ஏனென்றால் போனும் வாட்ச்சும் ட்ரேயில் போய்விட வேண்டும். பாஸைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பாஸோ எக்ஸ்ரே யந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு போகிறது. முன்பு காகிதத்தில் டப்பென்று சீல் குத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு தைரியம் வரும். இப்போது நம்மவர் வெறுங்கையோடு மேடையில் ஏறி, வயல் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றார். வாட்ச் இல்லாத மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டை.

பெண்கள் வரிசை தனி. அதன் வாசலிலும் ஒருவர் பாஸ் பார்க்கிறார். மூன்று பெண்களிடமும் ஒன்றும் இல்லை. ஒருவர் பாஸை அடுத்தவர் காட்டும் ஏற்பாட்டில் இந்தத் தடுப்பை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. அக்காவும் தங்கையும் தடுப்புக்கு மேலாகக் கத்தினார்கள். இவர் ட்ரே வருகிறதா என்று யந்திரத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவல்காரப் பெண்மணி நல்ல மாதிரி. அரைகுறைத் தமிழில் மாமியாரிடம், "அம்மா, பேர்? ஃபுல் நேம்?" என்றார். மாமியார் தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரென்றால் முன்னால் மாமனார் பெயர் வர வேண்டும். புருஷன் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. மாமனார் போய் ஆறு வருஷமாகியும் கேட்டதில்லை. பாங்கியில் கேட்டால் பாஸ்புக்கைத் தள்ளுவார், ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத் தள்ளுவார். இங்கே தள்ள ஒன்றும் இல்லை. மாத்திரைக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

சகலை, பொதுவாகப் பேசியது போதும். 74 வயது மனுஷியை ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நடுவில் நிறுத்தினீர்கள். பத்து நிமிஷம். நாங்கள் இருந்ததால் பத்து நிமிஷம். அவர் தனியாக வந்திருந்தால்? போன் செத்தால், பேட்டரி போனால், நீங்கள் கழிவறைக்குப் போனால் ஐந்து பேருடைய பயணமும் உங்களோடு கழிவறைக்குப் போகிறது. உங்கள் பாஸை வாட்ச்சில் வையுங்கள், நெற்றியில்கூட ஒட்டிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பாஸை அடுத்தவரிடம் கொடுங்கள்.

இதை அன்றே முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் காசி. மறுநாள் விடியலில் அனுமன் காட் படிகளில் மாமியாரை இறக்கிக் கூட்டிப்போனவர் அவர்தான். பாசிப் படியில் மாமியாருக்குக் கால் வழுக்க, இவர் பிடித்த பிடியை விடாமல் தான் மட்டும் இரண்டு படி சறுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். மாமியார் நின்றது நின்றபடி. வாட்ச் மட்டும் பதறிப்போய், நீங்கள் விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது. "இல்லைன்னு அழுத்துங்க, ஆம்புலன்ஸுக்கு அடிச்சிடும்" என்று கத்தினார். அவர் கை இரண்டும் மாமியாரைப் பிடித்திருந்தன. நான்தான் அழுத்தினேன்.

காசிக்குப் போனால் ஆசையான காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவர வேண்டும். மாமியார் மாம்பழத்தை விட்டார். நான் கத்தரிக்காய் என்று வாயெடுத்து, பாகற்காய் என்று முடித்தேன். சகலையின் மணிக்கட்டையே எல்லோரும் பார்த்தோம். சுரைக்காயும் விளாம்பழமும் விட்டார். இரண்டையும் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

திரும்பும்போது பாபத்பூர் விமான நிலையம். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் டிஜியாத்ரா 2022 டிசம்பர் 1-ஆம் தேதி முதன்முதலில் வந்த மூன்று ஊர்களில் வாரணாசி ஒன்று. மற்றவை டில்லியும் பெங்களூரும். நம்மவர் அதிலும் முன்பே பதிந்துவைத்திருந்தார். ஆனாலும் பழக்கதோஷம், கேமராவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். காவலர் தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். இவ்வளவு செலவு செய்து வாங்கிய வாட்ச் இருக்க, இலவசமாக வந்த முகத்தைக் கேட்கிறார்களே என்ற வருத்தம் அதே முகத்தில் தெரிந்தது. கதவு திறந்தது.

கவுன்டரில் மாமியார் எல்லோரையும் முந்திக்கொண்டு போய், "பேப்பர்" என்றார். 200 ரூபாய் கிடையாது என்று வழியிலேயே அவர் காதில் போட்டுவைத்திருந்தேன். ஒரே ஒரு பாஸ் அடித்து வந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் பெட்டிகள் உருண்டு போய்விட்டன. அந்த ஊர்ப் பெண்ணும் ஐந்து துண்டுச் சீட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு இடம் தேடினாள். சகலை இடுப்புப் பையைத் திறந்தார், மூடினார். மாத்திரைக் கவரைக் காசியிலேயே தூக்கிப்போட்டாயிற்று.

மாமியார் தன் பாஸைத் திருப்பி நீட்டினார்.

"இதுல ஒட்டச் சொல்லுங்க மாப்ளே. பின்பக்கம். முன்னால பேர் இருக்கு."