ஸ்டாலினைக்கூடச் சமாளிக்கலாம், இந்த ஃபாரத்தை?

1948 ஜூன். மேற்கு பெர்லினுக்குப் போகும் ரோடு, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் ஸ்டாலின் இழுத்துப் பூட்டிவிட்டார். (சோவியத் ஸ்டாலின். பதற வேண்டாம்!) உள்ளே இருபது லட்சத்துக்கு மேல் ஜனம். ‘ஆகாயத்துக்குப் பூட்டு கிடையாதே’ என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிளேனில் சாமான் அனுப்ப ஆரம்பித்தன. பால் பவுடர், மாவு என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரும்பங்கு நிலக்கரி!

இந்தக் கதையில் மார்பை நிமிர்த்தி நிற்பவர், விமான சப்ளையை நடத்திய ஜெனரல் டன்னர். ஆகஸ்ட் 13, கொட்டும் மழை. பெர்லினின் டெம்பிள்ஹாஃப் விமான நிலையத்துக்கு மேலே பிளேன்கள் அடுக்கடுக்காக வட்டமடிக்கின்றன. ஞாயிறு ராத்திரி பெருங்களத்தூர் மாதிரி. நடுவில் சிக்கிய ஜெனரல் ரேடியோவைப் பிடித்துப் போட்ட ஆர்டர்: மற்ற எல்லோரையும் திருப்பி அனுப்பு, நான் மட்டும் இறங்கணும்! நம்மூர் சைரன் கார்களுக்குப் பாட்டன். வேடிக்கை என்னவென்றால், இறங்கத் தவறினால் வட்டமடிக்காமல் திரும்பிப் போ என்பது அப்புறம் எல்லோருக்குமான விதியாகி, டிராஃபிக்கும் சரியாகிவிட்டது.

நம்ம ஹீரோ அவரில்லை. எட்வர்ட் கில்பர்ட் என்றொரு மாஸ்டர் சார்ஜென்ட். வானத்து நெரிசல் போதாதென்று தரையில் சரக்குப் பட்டியல்கள் வேறு படுத்தின. ஆளுக்கொரு ஃபாரம், ஆளுக்கொரு பாஷை. கில்பர்ட்டும் கூட்டாளிகளும் டெலக்ஸ், ரேடியோ, டெலிபோன் எதில் சொன்னாலும் புரிகிற ஒரே பட்டியலைத் தயார் செய்தார்கள். கடைக்காரரின் கம்ப்யூட்டர் ஃபாக்டரி கம்ப்யூட்டருக்கே நேராக ஆர்டர் போடுகிறதே, ‘இ.டி.ஐ.’ என்று? அதற்கு இந்தக் கரி மூட்டைதான் கொள்ளுப்பாட்டி.

ஜெனரல்களுக்குச் சிலை. ஃபாரம் கண்டுபிடித்தவருக்கு? கமிட்டி! 1968-ல் ரயில், லாரி, கப்பல், விமானக் கம்பெனிகளை உட்கார வைத்துப் பேசிய அமைப்பை நடத்தியவர் இதே கில்பர்ட். பெர்லினுக்குப் பதினைந்தே மாதத்தில் 23 லட்சம் டன் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கமிட்டியின் முதல் ஸ்டாண்டர்ட் வந்தது 1975-ல்.

சரி, இனி உலகம் பூராவும் ஒரே ஃபாரம்தானே? ஆசை, தோசை! 1979-ல் அமெரிக்கா ‘எக்ஸ்12’ என்ற ஸ்டாண்டர்டுக்கான வேலையைத் தொடங்கியது. அதில் பர்ச்சேஸ் ஆர்டருக்குப் பெயர் 850, பில்லுக்கு 810. சிறைக் கைதி மாதிரி எல்லாவற்றுக்கும் நம்பர். 1987-ல் ஐ.நா. சபை ‘எடிஃபாக்ட்’ என்று தனியாக ஒன்று கொண்டுவந்தது. அதில் எந்தச் செய்திக்கும் பெயர் ஆறெழுத்துத்தான். இன்வாய்ஸுக்கு ஆங்கிலத்தில் ஏழெழுத்தா? கடைசி எழுத்தை வெட்டு! இரண்டு பேருக்கும் நடுவே, பழைய மெட்ராஸ் துபாஷி மாதிரி, மொழிபெயர்க்கத் தனி சாஃப்ட்வேர்.

எடிஃபாக்டில் வாக்கியம் முடிந்தது என்பதற்கு அடையாளம், நம் முற்றுப்புள்ளி மாதிரி, ஒற்றை மேற்கோள் குறி. பெயரிலேயே அந்தக் குறியோடு பிறந்த அயர்லாந்துக்காரர்களை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் போதுமாம். ஆக, முப்பது வருஷத்துக்கும் மேலாக, ஓ'பிரையன் சரக்கு வாங்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அவரை ‘ஓ?’ என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுத்தான் ‘பிரையன்’ என்கிறது.