மைலேஜ் சாமிக்கு அரோகரா

நம் ஊரில் புதுக் கார் வாங்கியவரிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். பிரேக் பிடிக்குமா, ஏர்பேக் விரியுமா என்பதெல்லாம் அப்புறம். லிட்டர் நூறு ரூபாயைத் தொட்ட நாட்டில் இந்தக் கேள்வியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கேள்வி எங்கே கேட்டாலும் அங்கே ஒருவன் பையோடு வந்து நிற்கிறான். பெட்ரோல் குழாயில் மாட்டக் காந்தம், டேங்கில் போட மாத்திரை, காற்றைச் சுழற்றிவிடும் தகடு, தண்ணீரிலிருந்து வாயு பிரிக்கும் பாட்டில் என்று பைக்குள் சகல தெய்வங்களும் உண்டு.

இப்போதைய மூலவர், ஓபிடி பிளக். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடத்தில் இதைச் செருக வேண்டும். பச்சை விளக்கு மினுக்கும். நீங்கள் ஓட்டும் விதத்தைப் படித்து, காரின் கணினியைத் திருத்தி, 35 சதவீதம் வரை மிச்சம் பிடித்துத் தருமாம். இதைப் பிரித்துப் பார்த்த மகராசன்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்தவை விளக்கை மினுக்க ஒரு சின்ன சிப், ஒரு பட்டன், சில விளக்குகள். காரின் கணினியோடு பேசத் தேவையான சிப் மட்டும் இல்லை. வாயும் இல்லை, காதும் இல்லை, ஆனால் உங்கள் சுபாவத்தைக் கரைத்துக் குடித்துவிட்டது! பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் எடுக்கிறது என்பதால், கணக்குப்படி இது பெட்ரோல் குடிக்கும் கருவி.

பெட்டியின் மேல் இன்னொரு வரி இருக்கும்: முதல் 200 கிலோமீட்டர் வரை பலன் தெரியாது. இதை எழுதியவனுக்குச் சிலை வைக்கலாம். கருவி படித்து முடிப்பதற்குள், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும்.

காந்தக்காரர் வேறு மந்திரம் சொல்வார். பெட்ரோல் மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்தி, முழுசாக எரிய வைக்கிறாராம். பெட்ரோல் என்ன இரும்புத்தூளா, காந்தத்தைக் கண்டதும் அட்டென்ஷனில் நிற்க? ஒழுங்காக ஓடும் இன்றைய என்ஜினில் 97, 98 சதவீத பெட்ரோல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. நஷ்டம் அங்கே இல்லை. எரிந்து வரும் சூட்டில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகப் போகிறது. ஆகவே சாட்சாத் ஈசுவரனே வந்து முழுசாக எரித்துக் கொடுத்தாலும் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம். தண்ணீர் பாட்டில் கதையும் அப்படித்தான். நீரைப் பிரிக்கும் மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து வர வேண்டும், அதைச் சுற்றுவது என்ஜின், என்ஜினுக்குச் சோறு பெட்ரோல். பிரிக்கச் செலவாவதைவிட அந்த வாயுவை எரித்துக் கிடைப்பது எப்போதும் குறைவு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய சரக்குகளைச் சோதித்துவிட்டது. மிகச் சில மட்டும் சொற்பமாக மிச்சம் காட்டின, அவற்றிலும் சில புகையை மோசமாக்கின. ஆனால் நம் அண்ணாச்சிக்கு அமெரிக்கா எதற்கு? "நானே மாட்டியிருக்கேன் சார், ரெண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு" என்கிறார். கூடியிருக்கும். காசு கொடுத்து மாட்டிய நாளிலிருந்து மனுஷர் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், எண்பதைத் தாண்டாமல், ஏசியைக் குறைத்து ஓட்டுகிறார். புண்ணியம் காலுக்கு, பேர் கருவிக்கு.

இது வேலை செய்கிறதென்றால் கார் கம்பெனிக்காரன் ஏன் மாட்டித் தரவில்லை என்று கேட்டால், பதில் தயாராக இருக்கிறது: "ஆயில் கம்பெனியோட கூட்டு சார்." கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்து டாலரை அழும் ஒன்றிய அரசு, 600 ரூபாய் பிளக்கில் விடிவு இருந்தால் ரேஷன் கடையில் சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்திருக்காதா?

படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். 1996-இல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி பெட்ரோல் எடுத்தபோது, கோட்டையிலிருந்து தில்லி வரை கைதட்டியவர்கள் யார்? பட்டம் பெற்ற அதிகாரிகள், பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகள். ஐஐடிக்காரர்கள் சோதித்தபோது, மூலிகையின் மகிமை கலக்கும் குச்சிக்குள் ஒளிந்திருந்தது தெரிந்தது. அதோடு முடிந்ததா? பிறகு அவர் பங்க் வைத்தே விற்றார். டொலுயீனும் நாப்தாவும் கலந்த சரக்கு அது என்றது சிபிஐ. 2000-இல் வழக்கு, 2016-இல் தீர்ப்பு, மூன்றாண்டு சிறை. பதினாறு வருடம்! அதற்குள் எத்தனை கார் மாடல்கள் வந்து காயலான் கடைக்குப் போயின! இன்றும் வாட்ஸ்அப்பில் "தமிழனை அமுக்கிவிட்டார்கள்" என்று சுற்றுகிறது. பொய்யனுக்கு இனமானத்தைப் போர்த்திவிட்டால் கேள்வி கேட்பவன் துரோகி.

இத்தனைக்கும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் நிஜமான கருவி ஒவ்வொரு பங்கிலும் ஓரமாக நிற்கிறது. இலவசக் காற்று. டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான் விஷயம். பச்சை விளக்கு மினுக்காததால் அங்கே வண்டியை நிறுத்த நமக்கு நேரமில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம், அடுத்த முறை 50 லட்சம் வரை அபராதம் போடலாம். சட்டம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பிளக்கும் ஆன்லைனில் ஐந்து நட்சத்திரத்தோடு இருக்கிறது. ஏமாந்ததை வெளியே சொல்ல நாம் வெட்கப்படுகிறோம், அந்த வெட்கத்தில்தான் அவனுக்கு வியாபாரம். வாங்கித் தொலைத்திருந்தால் பெட்டியையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்படியே அந்த ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழே ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, நடந்ததைத் தமிழில் எழுதிவிட்டு வாருங்கள்.