கான்டெசாவுக்குக் கை தேடுகிறவர்

வீட்டுக்கு வந்தவரைக் 'காப்பியா, டீயா?' என்று கேட்பதுதான் செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளித் தமிழர்களின் வழக்கம். கான்டெசாக்காரர் மட்டும் 'ரப்பரா, பாலியூரித்தேனா?' என்பார். வந்தவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்தாலும் விடமாட்டார். கீழே பார்க்கிங்கில் ஸ்டாண்டின்மேல் ஏறி நிற்கும் வண்டியின் சஸ்பென்ஷன் ஆர்முக்கு எந்த புஷ் போடுவது என்பதுதான் கேள்வி.

ஊருக்கு ஊர் இப்படிச் சிலர் உண்டு. ஆளை அடையாளம் காண்பது எளிது. பொதுத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிப்பர் எட்டிப் பார்க்கும். வண்டியை 'இந்தியாவின் மஸில் கார்' என்று சொல்லும்போது குரல் ஒரு கட்டை ஏறும்.

மஸிலைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கக் கூடாது. அமெரிக்காவில் அந்த மோகத்தைக் கிளப்பிவிட்டதாகச் சொல்லப்படும் 1964 பான்டியாக் ஜிடிஓவுக்கு 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைசக்தி. 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இறக்கிய கான்டெசாவுக்கோ அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின், ஐம்பது குதிரை சொச்சம். பிறகு இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் வந்துதான் மானம் பிழைத்தது. ஆனால் நீண்ட பானெட்டும் அகன்ற முகமும் மஸில் கார் சாயல்தான், அதை மறுக்க முடியாது.

வண்டியின் பூர்வீகம் 1970களின் இங்கிலாந்து வாக்ஸால் விக்டர். முன்பக்கம் டபுள் விஷ்போன்: ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம். வண்டியோடு சேரும் முனையில் புஷ், சக்கரத்தோடு சேரும் முனையில் பால் ஜாயின்ட். புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வரும். மற்றவர்கள் புஷ்ஷை மாற்றுவார்கள். இவர் படிக்க ஆரம்பித்தார்.

படித்ததில் தெரிந்தது இது. ரப்பர் சத்தம் போடாது, ஆனால் நாளாக ஆக வெடிக்கும். பாலியூரித்தேன் உழைக்கும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். இரண்டும் வேண்டாமென்று உருண்டை ஜாயின்ட் வைத்தால் துளிகூட ஆட்டம் இருக்காது, ஆனால் ரோட்டில் கிடக்கும் கல்லெல்லாம் நேரே முதுகெலும்பில் வந்து பேசும். அமெரிக்கர்கள் பழைய காமரோவுக்குக் குழாய் ஆர்ம் வாங்கி மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வண்டிகள் ரேடியல் டயர் பரவுவதற்கு முந்தையவை. ரேடியலில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நேராக நிற்க காஸ்டர் கோணம் கூடுதலாக வேண்டும். புதிய ஆர்ம், மேல் பால் ஜாயின்ட்டைச் சற்றுப் பின்னே தள்ளி அதைக் கொடுக்கிறது. காமரோவுக்கு வேண்டியது தன் வண்டிக்கும் வேண்டும் என்று இவர் தீர்மானித்துவிட்டார்.

எங்கே ஓட்ட? 158 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோட்டைக் கை காட்டுவார். வண்டி ஓடிக்கொண்டிருந்த நாளில் போனதென்னவோ ஞாயிறு விடியலில் நெக்லஸ் ரோடு வரை, நாற்பதில்.

சட்டமும் அத்துப்படி. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதைத் தேதியோடு ஒப்பிப்பார். முதல் பதிவு ஆகி ஐம்பது வருஷம் கடந்தால்தான் 'விண்டேஜ்' என்பது 2021 விதி. முதல் கான்டெசாவுக்கே அந்த யோகம் 2034இல்தான். அதற்காகவே சர்க்கரையைக் குறைத்து நடைப்பயிற்சி போகிறார். 'எல்லாம் ஒரிஜினல்' என்று அன்று சொல்ல வேண்டும், ஆர்ம் மட்டும் ஒரிஜினலைவிட உசத்தியாக இருக்க வேண்டும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால் பேச்சு சவ்மஹல்லா அரண்மனைக்குத் தாவும். அங்கே நிற்கிற நிஜாமின் 1912 ரோல்ஸ் ராய்ஸ் மொத்தத்தில் நானூறு மைல்கூட ஓடாததாம். 'அதுக்கு புஷ் தேயுமா சார்? கொடுத்து வெச்ச வண்டி!'

ராணிகஞ்ச்சில் விசாரித்தாயிற்று. லண்டனிலிருந்து வரும் அக்கா பையன் தலையிலும் கட்டியாயிற்று. அவன் 23 கிலோ பெட்டியில் விக்டரின் லோயர் ஆர்ம் இரண்டு வந்தால் அம்மாவுக்கு வாங்கிய கம்பளி வராது. கம்பளிதான் வந்தது. மெக்கானிக் பாய் தலைக்கு மேலே கை கூப்பினார்: 'கைகூ டென்ஷன் லேரே சாப்? ரப்பர் டாலோ, பஸ்!' லேத்தில் கடைந்த இரும்புக் கூட்டில் ரப்பரை பிரெஸ்ஸில் அடித்தால் சாயங்காலமே வண்டி இறங்கிவிடும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் சாயங்காலமே முடிந்துபோகிற காரியத்தில் இவருக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கடையில் முழு கான்டெசாவே கிடைத்தது. ஆர்மை மட்டும் கழற்றித் தரக் கடைக்காரர் மறுத்ததால் வண்டியையே வாங்கி லாரியில் ஏற்றி வந்துவிட்டார். அதன் புஷ்களும் வெடித்திருந்தன. இப்போது எட்டு ஆர்முக்கு முடிவெடுக்க வேண்டும். நேற்று மூன்றாம் மாடிக்காரரிடம், 'உங்க பார்க்கிங் காலியாத்தானே இருக்கு?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து மனைவி, 'என்னங்க, மேல வாங்க' என்றார், நிதானமாக, இரண்டு முறை.